பொரிப் பையில் போன இங்கிலீஷ்

சிஸ்டர் இங்கிலீஷில் சொல்வது புரியாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லூசி சொன்னதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கடலூர்ப் பக்கம் கன்னியர்கள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாக இருக்கப் பெண்களை எடுத்துப் பழக்குகிறார்கள். ஒன்பதாவது படித்திருந்தால் போதும். தங்க இடம், சாப்பாடு, பழகி முடித்ததும் வேலை. மாதா கோயிலில் பூசைக்குப் பிறகு சாமியார் இதை அறிவித்தபோது நான் பெண்கள் பக்கம் கடைசியில் தூணோரம் இருந்தேன். எனக்குப் போக வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. லூசிக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் என் பெரியம்மா மகள். வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் பாண்டிக்கு பஸ் ஏறிப் போய் பியூசி படிக்கிற ஒரே பெண். என் பெயரை அவளே எழுதிப் போட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"ஜெயசீலி, கூப்புட்டு கார்டு வரும். தேர் முடிஞ்ச மறுநாள் இன்டர்வியூ. அங்க பெரிய சிஸ்டரு மலையாளத்துக்காரங்க. தமிழு அரைகொறை. வார்டுல எல்லாம் இங்கிலீஷுதான். அதுவும் நம்ம பொஸ்தகத்துல வர்ற இங்கிலீஷ் இல்ல. புட் ஆன், டேக் ஆஃப், டர்ன் ஓவர்னு சின்னச் சின்னதா வரும். அதுலதான் மாட்டுவ."

"எனக்கு புட் தெரியும். ஆனும் தெரியும்."

"தனித்தனியா தெரிஞ்சி இன்னாடி பண்றது? சேந்துட்சின்னா அது வேற ஆளு."

நான் ஒன்பதாவதோடு நின்றவள். தம்பி பிறந்தான், வீட்டில் அம்மாவுக்குக் கை தேவைப்பட்டது. அது ஊருக்குச் சொன்ன காரணம், பொய்யும் இல்லை. ஆனால் இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்லும்போது என் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வரும். எழுத்து தெரியும், வார்த்தை தெரியும், சத்தம் மட்டும் வராது. டீச்சர் பிரம்பால் மேசையைத் தட்டி "ஸ்பீக் அப், ஸ்பீக் அப்" என்பார். தட்டத் தட்ட இருந்த காற்றும் நின்றுவிடும். இனி பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அப்பா சொன்னபோது நான் அழவில்லை. அழாததைப் பார்த்து, இவளுக்கே இஷ்டம் இல்லை போல என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு வேலை கவர் ஒட்டுவது. அப்பா சூசைநாதன் கரும்பு வண்டி ஓட்டினார். அம்மா அன்னாமேரியும் நானும் மைதாப் பசை காய்ச்சிக் காகிதக் கவர் ஒட்டினோம். கடைத்தெருவில் மாரிமுத்து பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். அவர் பேப்பரை எடை போட்டுத் தருவார். கவராக ஒட்டி அதே எடைக்குத் திருப்பித் தர வேண்டும். ஒட்டும்போது பசையின் கனம் சேருமல்லவா? அந்தக் கனத்துக்கு ஈடான பேப்பர் எங்களிடம் மீதியாகும். அது ஒட்டுகிறவளுக்குச் சொந்தம். எங்கள் தெருவில் கவர் ஒட்டும் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம், மாரிமுத்துவும் கேட்கமாட்டார். அம்மா அந்த மீதியில் தனியாகக் கவர் ஒட்டி விற்றுத்தான் எனக்கும் தம்பிக்கும் கிறிஸ்மஸ் துணி எடுப்பாள்.

லூசி சொல்லிவிட்டுப் போன அதே வாரம் மூட்டையில் ஒரு புத்தகம் வந்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. இடது ஓரத்தில் இங்கிலீஷ், எதிரே தமிழ். கிவ் அப், கைவிடுதல். லுக் ஆஃப்டர், பராமரித்தல். ரன் அவுட் ஆஃப், தீர்ந்துபோதல். பக்கம் பக்கமாக லூசி சொன்ன அந்தச் சின்னச் சின்ன வார்த்தைகள்தான். கவரை மறந்து புரட்டிக்கொண்டே இருந்தேன். அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா கனம் பாரு. கெட்டிப் பேப்பரு. அரைக்கிலோ கவருக்கு ஆவும்."

"இத்த எனக்கு வுட்டுடும்மா. பசை கனத்துல கழிச்சிக்க."

நான் எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வெச்சிக்க. ஆனா திருவிழா வருது. ஆர்டர் வந்து பேப்பர் பத்தலன்னா எடுத்துடுவன். அப்பறம் மூஞ்சத் தூக்கக் கூடாது."

சரி என்றேன்.

அன்றிலிருந்து என் மடியில் கவர், பக்கத்தில் புத்தகம். ஒரு மடிப்புக்கு டேக், அடுத்த மடிப்புக்கு ஆஃப். பசை தடவும்போது அர்த்தம். முதலில் கோபம்தான் வந்தது. டேக் என்றால் எடு. டேக் ஆஃப் என்றால் கழற்று. டேக் ஆஃப்டர் என்றால் சாடையில் ஒத்திரு. ஒரே மாடு மூன்று வண்டியில் பூட்டினால் மூன்று ஊருக்குப் போகிற மாதிரி. இதற்கு ஒரு நியாயம் வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தபோது வெளியே பக்கத்து வீட்டுக்காரி தன் மகனைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்: "அவங்க அப்பாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கினான்." அவன் எதையும் வாங்கவில்லை, எதையும் கட்டவில்லை. நாமும் இப்படித்தான் பேசுகிறோம்! கைவிடுவதில் கை எங்கே இருக்கிறது? யாரும் நமக்கு நியாயம் சொல்லித் தரவில்லை, காதில் விழுந்து விழுந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு கோபம் போய்விட்டது. காதில் விழவேண்டும், அவ்வளவுதான். விழ வைப்பதற்கு ஆள்தான் இல்லை.

அதனால் கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒட்ட ஆரம்பித்தேன். அப்பா வண்டியில் கெட் ஆன். தம்பி எவ்வளவு எழுப்பியும் கெட் அப் இல்லை. பசை ரன் அவுட். லூசி சொல்லி விஷயம் தெரிந்த அம்மா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறீர்களா என்று கேட்டபோது அப்பா துண்டை உதறிக்கொண்டே, "பாக்கலாம், தேர் முடியட்டும், பாக்கலாம்" என்றார். புட் ஆஃப், தள்ளிப்போடுதல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. ஸ்டேஷனில் ரயில் ஊதும்போதெல்லாம் கையில் இருந்த கவரைக் கோணலாக ஒட்டினேன்.

குழாயடியில் லூசி பரீட்சை வைப்பாள்.

"லை டவுன்?"

நான் சொல்வேன்.

"உதடு ஆடுது, சத்தம் எங்க? ரேடியோ ரிப்பேரா?"

"படு."

"எனக்கே கேக்கல. சிஸ்டருக்கு எப்படிக் கேக்கும்? நீ எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே படிச்சி உள்ளுக்குள்ளயே பாஸாயிடு."

கார்டு வந்தது. படித்ததற்கு அத்தாட்சியாக டி.சி. கொண்டுவர வேண்டும் என்று அதில் இருந்தது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அது நாலாக மடிந்து கிடந்தது. கெட்டியான தாள், ஒரு பக்கம் அச்சும் முத்திரையும், மறுபக்கம் வெள்ளை. கார்டையும் டி.சி.யையும் பார்த்ததும்தான் அப்பா, "சரி, கன்னியாஸ்திரிங்க ஆஸ்பத்திரிதான, போயிட்டு வா. எடுத்தாங்கன்னா பாக்கலாம்" என்றார். முழுச் சம்மதம் இல்லை, ஆனாலும் ஒரு சம்மதம். மடிப்பு நிமிரட்டும் என்று டி.சி.யை என் புத்தகத்தின் நடுவில் வைத்தேன். எங்கள் வீட்டில் அதைவிடக் கனமான புத்தகம் வேறு இல்லை. அப்போது நோய் நொடி பற்றிய பக்கங்களுக்கு வந்திருந்தேன். த்ரோ அப் என்றால் வாந்தி. பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுதல். கம் ரவுண்ட் அடுத்த பக்கத்தில் இருந்தது.

தேருக்கு முந்தின நாள் லூர்து மாதா கோயில் வளாகத்தைப் பெருக்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். போனேன். திரும்பி வரும்போது மதியம் தாண்டிவிட்டது. வாசலில் அம்மா கவர்களை அடுக்கிச் சணலால் இறுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் இருந்த இடத்தில் தைத்த நூலும் முதுகில் காய்ந்து உதிர்ந்த பசையும் மட்டும் கிடந்தன.

"ஆர்டர் வந்துட்சிடி. சொன்னன்ல. பொரிக் கடைங்களுக்கு எவ்ளோ குடுத்தாலும் போதல. காலையிலயே ரெண்டு கட்டு போயிட்சி."

"நடுவுல ஒரு பேப்பர் இருந்துதும்மா."

"முத்திரை குத்தினதா? யம்மா, அது இன்னா கெட்டி! ஒரே கவர்தான் ஆச்சி, காலையில போன கட்டுல. ஆனா இரும்பு மாதிரி நிக்கும், ஒருபடி பொரி புடிக்கும்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அச்சடித்ததெல்லாம் அவளுக்குக் கெட்டி, மெலிசு என்ற இரண்டு வகைதான். அது என் டி.சி. என்று சொன்னதும் பசைக் கையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் பூட்டியிருந்தது. தலைமையாசிரியை சொந்த ஊருக்குப் போயிருந்தார். வேறு டி.சி. வாங்க ஜூன் மாதம் ஆகும். ஆஸ்பத்திரியில் அதற்குள் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். மாரிமுத்து கடைக்கு அம்மாவே ஓடினாள். அந்தக் கட்டு காசம்மாளிடம் போய்விட்டதாம். பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து வருஷா வருஷம் தேர் வீதியில் பொரிக்கடை போடுகிறவள். இன்று சரக்கு ஏற்றப் போயிருக்கிறாள், நாளைக்குத்தான் கடை விரிப்பாள்.

மறுநாள் ஞாயிறு, தேர். அப்பா காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். லூசி பாட்டுக் குழுவில் இருந்தாள். தம்பிக்குக் காய்ச்சல், அம்மா நகர முடியாது.

"நான் போறன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ கேப்பியாடி?"

கேட்பாயா என்றுதான் சொன்னாள். வாயைத் திறப்பாயா என்று எனக்குக் கேட்டது.

தேர் வீதி முழுக்க ஜனம். குளத்துத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், மொட்டை போட்ட பிள்ளைகள், ராட்டினம், பலூன். காசம்மாள் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மலை மாதிரி பொரி, அதன் பின்னால் இன்னொரு மலை மாதிரி அவள். முன்னால் போய் நின்றேன். எனக்கு இடது பக்கமும் வலது பக்கமும் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உனுக்கு இன்னா? அரைப்படியா, ஒருபடியா?"

"கவரு..."

"இன்னா?"

"உங்க கவர்ல..."

"வாயத் தொறந்து பேசு. மாதா காதுலயே வுழாது இது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. திரும்பிப் போனால் வீட்டில் பசைச் சட்டி. நாளைக்கும் பசைச் சட்டி.

"எங்கம்மா ஒட்டின கவர்ல என் டி.சி.யும் சேந்து வந்துட்சி! அது இல்லாம என்னை வேலைக்கு எடுக்கமாட்டாங்க!"

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. காசம்மாள் படியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா கலர்?"

அங்கேதான் சிக்கல். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் தாளை வெள்ளை வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினால் கவர் பார்வையாக இருக்கும். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசின் பழைய அச்சுப் பாரங்களை எல்லாம் அப்படித்தான் ஒட்டுவோம். கட்டுக்குள் பாதி வெள்ளைக் கவர். உள்ளே பார்த்தால்தான் எது என்று தெரியும்.

"கட்டுப் பிரிச்சி ஒண்ணொண்ணா நீ ஊதிப் பாத்துனு இருந்தா, ஜனம் அடுத்த கடைக்குப் போயிடும். காத்து வேற." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணு. உள்ள வா. நீயே கவர எடுத்து ரொப்பிக் குடு. வந்தா எடுத்துக்க. வரலன்னா என்னைத் திட்டாத. ஆனா சும்மா நிக்கக் கூடாது. கூவணும்."

"கூவணுமா?"

"பொரி தானா போயி ஆளக் கூப்புடுமா?"

தட்டிக்குள் குனிந்து நுழைந்தேன். கவரை எடுத்து, வாயை ஊதிப் பிரித்து, உள்ளே ஒரு பார்வை. கொம்யூன் பாரம். பொரி, மேலே ஒரு கை கடலை, வாயை மடித்துக் கொடுத்தேன். அடுத்தது பழைய காலண்டர். அடுத்தது என் புத்தகம்!

அச்சு வெளியே தெரிய என் புத்தகம் வரிசையாக வர ஆரம்பித்தது. புட் அப் வித், பொறுத்துக்கொள்ளுதல். அதை ஒரு மொட்டைத் தலைப் பையன் வாங்கிப் போனான். பிரிங் அப், வளர்த்தல். அது ஒரு கர்ப்பிணிக்கு. நான் படித்த பக்கங்கள் போனபோது ஒன்றும் இல்லை. படிக்காத பக்கம் வந்ததும் கை நின்றது. இந்தக் கவர் போனால் திரும்ப வராது. பொரி விழுந்து நிறைகிற நேரத்துக்குள் அந்தப் பக்கத்தைக் கண்ணால் விழுங்க வேண்டும். கம் ரவுண்ட், மயக்கம் தெளிதல். விழுங்கினேன், கொடுத்தேன். வேர் ஆஃப், மெல்ல மெல்லக் குறைதல். கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் படித்ததில்லை.

"கவர்ல இன்னாடி எழுதியிருக்குது, முத்தமா குடுத்துனு இருக்க? ரொப்புடி! கூவு!"

"பொரி..." என்றேன்.

"இது கூவறதா? பாம்பு சீறுது."

அந்த நேரம் பார்த்து பேண்டு வாத்தியக்காரர்கள் எங்கள் கடைக்கு நேரே வந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார்கள். முன்னால் நின்ற ஜனம் அப்படியே திரும்பி அவர்களைப் பார்த்தது. கட்டுக்குள் இன்னும் பாதிக்கு மேல் கவர் இருந்தது. ஜனம் வாங்கினால்தான் கவர் குறையும். கவர் குறைந்தால்தான் என் டி.சி. வரும். இதை நினைத்ததும் வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது.

"பொரி கடலை! பொரி கடலை! சூடான கடலை! வாங்கம்மா, வாங்க!"

மாட்டை அதட்டும் அப்பாவின் குரல் அது. கரகரவென்று, அழகில்லாமல், ஆனால் டிரம்மைத் தாண்டிக்கொண்டு போயிற்று. அது என் வாயிலிருந்துதான் வந்தது என்று நம்பக் கொஞ்சம் நேரம் ஆனது. காசம்மாள் சிரித்தாள். "தோ, இவ்ளோ வெச்சிக்கினு பாம்பு மாதிரி சீறினு இருந்தா பாரு."

கூவிக்கொண்டே ரொப்பினேன், ரொப்பிக்கொண்டே படித்தேன். சாயங்காலம் தேர் புறப்படும் முன் வெடி போட்டார்கள். ஜனம் கோயில் பக்கம் நகரத் தொடங்கியது. அப்போதுதான் பார்த்தேன். காசம்மாள் தன் கையால் ரொப்பி ஒரு பெண்ணிடம் நீட்டிய கவர் பலகைமேல் யாரும் பிடிக்காமலேயே நேராக நின்றது. வெள்ளைக் கவர். இரும்பு மாதிரி நிக்கும் என்று அம்மா சொன்னாளே.

அந்தப் பெண் எடுத்துக்கொண்டு நடந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் என் டி.சி. நடுவில் பேண்டு, வெடி, ஜனம்.

"யக்கா! பச்சைப் புடவை அக்கா! அந்தக் கவரு! நில்லுங்க!"

நின்றது அவள் மட்டும் இல்லை. பச்சைப் புடவை கட்டிய எல்லோரும் நின்றார்கள், கட்டாதவர்களும் திரும்பினார்கள். நான் தட்டிக்கு அடியில் குனிந்து வெளியே ஓடினேன்.

"இன்னா? குடுத்தத புடுங்கறியா?" என்று அவள் கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பொரி உங்களுதுதான்க்கா. கவர் மட்டும் என்னுது. நான் படிச்சதுக்கு அதான் அத்தாட்சி."

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையோடு கொண்டுவந்த புத்தகக் கவர் ஒன்றைப் பிரித்து நீட்டினேன். பொரியை அதில் மாற்றினாள். காசம்மாள் எட்டி வந்து மேலே இன்னொரு கை கடலை போட்டு அவளை அனுப்பினாள். மாற்றிக் கொடுத்த கவரின் முகம் போகும்போதுதான் தெரிந்தது. நோய் நொடித் தலைப்பில் நான் படிக்காத பக்கம். ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை. போய்விட்டது.

டி.சி.யின் உள்ளே எட்டிப் பார்த்தேன். பொரித் தூளுக்கு நடுவே என் பெயர் இருந்தது.

சோற்றுப் பானை ஆவியில் காட்டிக் காட்டி அம்மாதான் பிரித்தாள். ஒட்டின அதே விரல்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரம் ஓரமாக உரித்தாள். முத்திரையின் ஒரு பகுதி பசையோடு போயிற்று. மற்றதெல்லாம் வந்தது.

"இவ்ளோ கெட்டியா ஏன்தான் ஒட்டினனோ" என்றாள். பிரிந்து வந்த தாளைத் தன் புடவைத் தலைப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறையப் பெண்கள். பலர் என்னைவிட அதிகம் படித்தவர்கள். டி.சி.யை விறைப்பான புது உறையில் வைத்திருந்தார்கள். என்னுடையதை மேசைமேல் வைத்தேன். அது படுக்கவில்லை. நிமிர்ந்து மடிந்து பாதிக் கவராக எழுந்து நின்றது. பெரிய சிஸ்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கி அதைப் பார்த்தார். எடுத்து முகர்ந்தும் பார்த்தார்.

"வாட் இஸ் திஸ்?"

எனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் தேடினேன். கவர் ஒட்டுவதற்கு அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. "மை மதர்... பேப்பர் பேக்... மிஸ்டேக்" என்றேன். நாக்கு ஒட்டியது. சிஸ்டர் எழுந்தார். "கம்" என்று வார்டுக்குள் நடந்தார்.

ஓரக் கட்டிலில் ஓர் அம்மாள் படுத்திருந்தாள். அட்டையில் தையலம்மாள் என்று எழுதியிருந்தது. சிஸ்டர் என்னைக் கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தினார்.

"டெல் ஹர் டு டர்ன் ஓவர்."

புரிந்தது! அவ்வளவு வேகமாகப் புரிந்ததில் எனக்கே திகைப்பு. "திரும்பிப் படுங்கம்மா" என்றேன்.

"இன்னா முணுமுணுக்கற? எனக்கு ஒரு காது கேக்காது, இன்னொண்ணு இஷ்டப்பட்டாதான் கேக்கும்" என்றாள் தையலம்மாள்.

பேண்டு வாத்தியம் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

"திரும்பிப் படுங்கம்மா!"

வார்டே திரும்பியது. இரண்டு கட்டில் தள்ளி ஒருத்தி நிஜமாகவே திரும்பிப் படுத்துவிட்டாள். நர்சுகள் சிரித்தார்கள். தையலம்மாள் காதைத் தேய்த்துக்கொண்டே புரண்டாள். "தேருக்கு வேட்டு போட ஆள் எடுக்கறாங்களா, நர்சுக்கு ஆள் எடுக்கறாங்களா?"

சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். டேக் ஆஃப். சால்வையை எடுக்கச் சொன்னேன். சிட் அப். உட்காரச் சொன்னேன். டிட் ஷி த்ரோ அப்? வாந்தி எடுத்தீர்களா என்று கேட்டேன். காலையில் ஒருதரம் என்றாள், அதையும் "ஒன் டைம், மார்னிங்" என்று சொல்லிவிட்டேன். வார்த்தைகள் எனக்காக வழியிலேயே காத்திருந்த மாதிரி வந்தன. பிறகு சிஸ்டர் சொன்னார்:

"ப்ராப் ஹர் அப்."

அப் தெரிந்தது. மற்றது தெரியவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை. பச்சைப் புடவைக்காரியின் கையில் போன பக்கம் கண்ணுக்குள் வந்தது. ஊகித்து எதையாவது செய்யலாமா? இது பொரி இல்லை, மனுஷி. தவறான பக்கம் இழுத்தால் வலிக்கும்.

"தெரியாது சிஸ்டர்! ஐ டோன்ட் நோ!"

அதையும் அதே குரலில் கத்திவிட்டேன். சிஸ்டர் என்னையே பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த தலையணையை எடுத்து, தையலம்மாளின் தோளை ஒரு கையால் தாங்கி, முதுகுக்குப் பின்னால் அணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்தார். "திஸ். ப்ராப் அப்." அந்தத் தலையணையை உருவி என் கையில் தந்தார். நான் செய்தேன். தையலம்மாள் முதுகை அசைத்துப் பார்த்து, "இவ வெச்சது தேவல" என்றாள்.

திரும்ப மேசைக்கு வந்ததும் சிஸ்டர் என் டி.சி.யை விரலால் தட்டினார். அது மறுபடி எழுந்து நின்றது. மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: "ஸ்கூல் தொறந்தால் புதியது வாங்கி அனுப்பணும். இது வேண்டா. இதில் நீ கடலை வாங்கிக்கோ. ஜூன் ஒண்ணாந்தேதி வா."

வாசலைத் தாண்டியதும் வேகமாக நடந்தேன், பிறகு பஸ் நிற்கும் இடம்வரை ஓடினேன். அப்பா 'எடுத்தாங்கன்னா பாக்கலாம்' என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பார்க்கலாமை இன்றைக்கே பார்த்துவிட வேண்டும். எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது, அம்மா ஒண்டியாக எத்தனை கவர் ஒட்டுவாள், தம்பியை யார் பார்ப்பார்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. பாண்டியில் இறங்கி ஊருக்கு வேறு பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே ஓடும் தென்னைகளிடம் ப்ராப் அப், ப்ராப் அப் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, தனியா பேசினு வர்ற? எங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

"பாண்டி ஒண்ணு!" என்றேன். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார்.